"கூடாது" என்ற சொல் கேட்கவில்லை: மாடித்தோட்ட வீடியோவிலிருந்து பாட்காஸ்டுக்கு

பல்லாவரத்தில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கும் ஒருவர் தை மாதம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். "அக்கா, உங்க வீடியோவ நான் பாக்குறதே இல்ல, கேக்குறதோட சரி. போனை மெஷின் பக்கத்துல கவுத்து வச்சிட்டு பிளவுஸ் தைப்பேன். ஸ்கிரீனை அணைச்சா நின்னுடுது. அணைக்காம வச்சா கை பட்டு வேற எதுக்கோ போயிடுது. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க." அவர் பேசி முடிக்கும்வரை பின்னால் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆறு வருடமாக நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்து தோட்ட வீடியோ போட்டு வருகிறேன். வெளிச்சம், கேமரா கோணம், தலைப்புப் படம் என்று எல்லாவற்றையும் கண்ணுக்காகவே யோசித்துப் பழகியிருந்தேன். அந்தக் குரல் பதிவுக்குப் பிறகு பார்வையாளர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: என் வீடியோ ஓடும்போது உங்கள் கை என்ன செய்துகொண்டிருக்கும்? காய் நறுக்குகிறேன், தாம்பரம் வண்டியில் கம்பியைப் பிடித்து நிற்கிறேன், மாமியாருக்குக் கால் பிடித்து விடுகிறேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று பதில்கள் வந்தன. கடைசிப் பதிலில்தான் நான் நின்றுவிட்டேன். தோட்டம் பற்றிப் பேசுகிறேன், ஆனால் தோட்டத்தில் ஈரக்கையோடு நிற்பவரால் என் வீடியோவைப் பார்க்க முடியாது. யூடியூபில் கட்டணச் சந்தா இல்லாவிட்டால் திரையை அணைத்ததும் ஒலியும் நின்றுவிடும். பாட்காஸ்ட் என்றால் காதால் மட்டும் கேட்கும் நிகழ்ச்சி, அதற்கான செயலியில் அந்தச் சிக்கல் இல்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கலாம்.

செடி வளர்ப்பைக் காதால் கற்றுக்கொள்ள முடியுமா என்று என் அக்கா மகன் கேட்டான். ஐடி வேலையில் இருக்கிறான், என் வீடியோக்களை எடிட் செய்பவன் அவன்தான். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். 1960களில் ஆடுதுறையில் உருவாக்கிய ஏடீடி 27 நெல்லுக்கு எங்கள் பகுதியில் ரேடியோ நெல் என்றே பெயர். திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டுக் கேட்டே அந்த ரகம் டெல்டா முழுக்கப் பரவியது, அதனால் வந்த பெயர். நாற்றங்கால், உரம், நடவு இடைவெளி எல்லாம் படமே இல்லாமல் காது வழியாக வயலுக்குப் போயிருக்கின்றன. அவனிடம் இதைச் சொன்னேன். "சரி சித்தி, ஆரம்பிச்சிடலாம்" என்றான்.

எங்கள் முதல் யோசனை சுலபமானது. ஏற்கெனவே இருக்கும் வீடியோக்களில் இருந்து ஒலியை மட்டும் பிரித்து ஏற்றிவிட்டால் இரண்டே நாளில் நாற்பது பாகம் தயார். வீடியோ போடுபவர்கள் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான் என்று நினைக்கிறேன். கத்தரிச் செடி மாவுப்பூச்சி பற்றிய 14 நிமிட வீடியோவின் ஒலியைப் பிரித்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பல்லாவரத்துத் தங்கை கேட்பதுபோலக் கேட்டேன்.

மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. "இதோ பாருங்க, இந்த மாதிரி இருக்கு இல்லையா, இதை இப்படி எடுத்துட்டு, இந்த அளவுக்கு…" எதை, எப்படி, எந்த அளவுக்கு? ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு எண்ணினேன். இதோ, இந்த, இப்படி, பாருங்க என்ற நான்கு சொற்கள் மட்டும் 61 தடவை. நடுவில் 40 விநாடி நான் பேசவே இல்லை. வீடியோவில் அந்த இடத்தில் என் கை தண்டைத் துடைத்துக்கொண்டிருக்கும், பின்னால் இசை ஓடும். காதுக்கு அது வெறும் இசை. கேட்பவர் போன் நின்றுவிட்டதோ என்று எடுத்துப் பார்ப்பார்.

சுட்டிக் காட்டியே பேசிப் பழகிய வாய்க்கு வேறு பயிற்சி வேண்டும் என்று புரிந்தது. ஸ்கிரிப்ட் எழுதிப் படித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிப்பதுபோல் வந்தது. கடைசியில் கைகொடுத்தது எதிர்வீட்டு மாமி. அவருக்குத் தோட்டத்தில் ஈடுபாடு கிடையாது. ஆனால் எதையும் தெளிவாகக் கேட்பார். அவரை எதிரில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். நான் சொல்வது மனதில் படமாக வராவிட்டால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

"மாமி, மாவுப்பூச்சி வெள்ளையா இருக்கும்" என்றேன். கை உயர்ந்தது. "என்ன வெள்ளை? சுண்ணாம்பா, பஞ்சா, பால் ஆடையா?" பஞ்சு என்றேன். "எவ்வளவு பெரிசு?" அங்கே திணறிவிட்டேன். ஆறு வருடமாகக் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டியதால், அளவைச் சொல்லில் சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை. யோசித்து, சமையலறைக்குப் போனேன். கடுகு, மிளகு, துவரம்பருப்பு, சுண்டைக்காய், எலுமிச்சம்பழம்: இந்த ஐந்தையும் வரிசையாக ஒரு தட்டில் எடுத்துவைத்தேன். இனி எந்தப் பூச்சி, எந்தக் காய், எந்தக் குழி என்றாலும் இந்த ஐந்தில் ஒன்றை வைத்தே அளவு சொல்வது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் அந்தத் தட்டு இப்போதும் என் பக்கத்தில் இருக்கும்.

மாவுப்பூச்சிப் பகுதி கடைசியில் இப்படி வந்தது: "கத்தரிச் செடியின் நுனியில், இலைக்காம்பு தண்டோடு சேரும் கவட்டைத் தடவிப் பாருங்கள். பஞ்சை உருட்டி வைத்ததுபோல் துவரம்பருப்பு அளவில் ஏதாவது விரலில் பட்டால் நசுக்குங்கள். உள்ளே ஈரம் இருக்கும், விரலில் மாவு ஒட்டும். கண் சரியாகத் தெரியாதவர்கள் எறும்பைக் கவனியுங்கள். எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறி இறங்கினால் மேலே மாவுப்பூச்சி இருக்க வாய்ப்பு அதிகம், அது விடும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு போகிறது." எறும்பு விஷயத்தை நான் வீடியோவில் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. பூச்சியையே காட்டிவிட்டதால் அதன் அடையாளங்களைச் சொல்லத் தோன்றவில்லை.

இனி மைக். வீடியோவுக்கு நான் வைத்திருப்பது சேலை மடிப்பில் குத்தும் காலர் மைக். அது எல்லாப் பக்கச் சத்தத்தையும் ஒரே அளவில் வாங்கும். வீடியோவில் பின்னால் விமானம் போனால் பார்ப்பவர் அண்ணாந்து பார்ப்பார், மன்னித்துவிடுவார். மீனம்பாக்கம் எங்களுக்குப் பக்கம், விமானச் சத்தம் இல்லாத அரைமணி நேரம் கிடைப்பதே அரிது. படம் இல்லாதபோது அதே சத்தம் காதுக்குள் யாரோ பெருக்குவதுபோல் இருக்கிறது. அக்கா மகனின் நண்பரிடம் ஒரு கண்டென்சர் மைக்கை இரவல் வாங்கிப் பார்த்தோம். என் குரல் மிக அழகாக வந்தது, கூடவே மாடி வீட்டுக் குக்கர் விசிலும் வந்தது. கண்டென்சர் மைக் நுட்பமானது, சத்தத்தைத் தடுத்த அறைக்கு அது பொருந்தும். நம் ஊர் வீட்டு அறைக்கு டைனமிக் மைக்தான் சரி. அதை வாய்க்கு மிக அருகில் வைத்துப் பேச வேண்டும், அந்த நெருக்கம்தான் அதன் பலம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அறைச் சத்தம் அப்படியே இருக்கும். யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (ஒலிக்கருவிகளுக்கான மூன்று முனை இணைப்பு) இரண்டும் உள்ள ஒன்றை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினோம். ஸ்டாண்ட், பஞ்சு உறை எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய்க்குள் முடிந்தது. யூஎஸ்பி இருப்பதால் லேப்டாப்பில் நேராகச் செருகலாம், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் என்ற தனிப் பெட்டி வேண்டாம்.

நான்கு விரல் அகலம்தான் தூரம். நேர் எதிரே வைக்காமல், கன்னத்தோரமாகச் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். அழுத்திச் சொல்லும் 'ப' எல்லாம் காற்றாக வந்து மைக்கில் மோதும். தோட்டக்காரிக்கு 'ப' இல்லாமல் பேச்சே கிடையாது: பாகல், பீர்க்கை, புடலை, பந்தல், பூச்சி, பை. சாய்த்து வைத்தால் காற்று பக்கத்தில் போய்விடும், குரல் மட்டும் உள்ளே வரும்.

அறைக்குத்தான் அதிக நாள் ஆனது. எங்கள் படுக்கையறையில் டைல்ஸ் தரை, வெறும் சுவர். நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினால் 'ணிங்' என்று வால் நீளும். பீரோவைத் திறந்து சேலைகளுக்கு நேராகப் பேசினால் எதிரொலி போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மரப் பீரோவாக இருந்தால் போயிருக்கும். எங்களுடையது இரும்புப் பீரோ. சேலை எதிரொலியைக் குடித்தது, ஆனால் திறந்த கதவு என் குரலுக்கு அதிர்ந்து மெல்லிய தகரச் சத்தம் கொடுத்தது. ஒரு வாரம் அது எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. மைக்கைச் சந்தேகப்பட்டு, கேபிளைச் சந்தேகப்பட்டு, கடைசியில் கதவில் கையை வைத்துக்கொண்டு பேசியபோது சத்தம் நின்றது. அப்போதுதான் பிடிபட்டது.

பீரோவை விட்டுவிட்டு, ஊரில் இருந்து வந்த இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்திச் சாய்த்தேன். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மைக்கின் முன்பக்கம் என் வாயைப் பார்க்கிறது, அப்படியே என் முதுகுக்குப் பின்னால் இருப்பதையும் பார்க்கிறது. அதனால் மெத்தை இருக்க வேண்டிய இடம் என் முதுகுப்பக்கம்தான், மைக்கின் முதுகுப்பக்கம் அல்ல. தரையில் இரண்டு பவானி ஜமுக்காளம் விரித்து, பக்கவாட்டில் கொடி கட்டி ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டேன். மறுபடி கை தட்டினேன். 'டப்' என்று அந்த இடத்திலேயே விழுந்தது. எதிரொலியைக் குறைக்கும் ஸ்பாஞ்ச் முக்கோணங்கள் வாங்கலாம் என்றிருந்த அக்கா மகன், இனி தேவை இல்லை என்றான். பதிவு முடிந்ததும் மெத்தையைக் கீழே போட்டால் வீடு வீடாகிவிடும்.

பதிவு தொடங்கியது சித்திரையில். மின்விசிறியை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும். நிறுத்தாவிட்டால் குரலுக்கு அடியில் ஒரு காற்று ஓடிக்கொண்டே இருக்கும். விடியற்காலை நாலரைக்கு முயன்றேன். ஐந்து மணிக்குக் குயில் தொடங்கிவிடுகிறது. குயில் சத்தத்தை நான் அழிக்கவில்லை, தோட்டப் பதிவில் அது இருக்கட்டும் என்று விட்டேன். இரவு பத்தரைக்கு மேல்தான் எனக்கு ஒத்துவந்தது. ஒரே மூச்சில் இல்லாமல், ஏழெட்டு நிமிடம் பேசுவது, விசிறியைப் போட்டுத் தண்ணீர் குடிப்பது, மறுபடி பேசுவது. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஐந்து விநாடி பேசாமல் இருக்க வேண்டும். அறையின் வெறும் சத்தம் அதில் பதிவாகும், எடிட்டில் அது தேவைப்படும்.

ஒருநாள் இரவு தெரு முழுக்க மின்சாரம் போனது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது. பக்கத்து வீடுகளின் ஏசி எல்லாம் நின்றிருந்தது. இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசினேன். இதுவரை வந்ததிலேயே சுத்தமான பதிவு அதுதான். அதைக் கேட்டபோதுதான், மற்றப் பதிவுகளில் எல்லாம் ஒரு மெல்லிய 'ம்ம்ம்' அடியில் ஓடிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ரீங்காரம் 50, 100 என்று அதன் மடங்குகளில் கேட்கும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் ரீங்காரம் நின்றது, செருகினால் வந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பிளக் பாயின்டைத் திறந்து பார்த்தால், மூன்று துளை இருக்கிறது, எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. பழைய வயரிங். எர்த் இழுத்துக் கொடுத்தார். ரீங்காரம் போனது மட்டுமில்லை, மழைக்காலத்தில் லேப்டாப்பின் உலோகப் பக்கத்தைத் தொட்டால் விரல் சுருக்கென்று இருந்ததும் நின்றுவிட்டது. வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது உங்கள் வீட்டு எர்த்தைப் பார்த்துவிடுங்கள்.

எடிட்டுக்கு ஆடாசிட்டி. 2000இல் இருந்து இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள், இந்த வேலைக்கு அதுவே அதிகம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டினோம், லாரி உறுமல் போய்விடுகிறது. அந்த ஐந்து விநாடி மௌனத்தை மாதிரியாகக் காட்டி இரைச்சலைக் குறைத்தோம், 6 டெசிபல் அளவில் நிறுத்திக்கொண்டோம். முதல் தடவை ஆசையில் 20 வரை போனபோது தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் குரல் ஆகிவிட்டது. திக்கல்களை வெட்டினோம், மூச்சை வெட்டவில்லை. மூச்சே இல்லாமல் பேசும் குரலைக் கேட்டால் கேட்பவருக்கு மூச்சு முட்டும்.

இரண்டு பாகம் வெளியிட்டோம். நன்றாக இருக்கிறது என்று பலரும் சொன்னார்கள். அடுத்த வாரம் பல்லாவரத்தில் இருந்து ஒரு படம் வந்தது. பீர்க்கங்கொடியின் இலைகள் ஓரம் முழுக்கக் கருகி இருந்தன. "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே உச்சி வெயில்ல வேப்பெண்ணெய் அடிச்சேன், இப்படி ஆயிடுச்சு" என்று எழுதியிருந்தார்.

நான் அப்படிச் சொல்லவில்லையே என்று பதறிப்போய் இரண்டாம் பாகத்தைத் தேடிக் கேட்டேன். நான் சொன்னது இதுதான்: "ஒரு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். உச்சி வெயில்ல தெளிக்கக் கூடாது." அமைதியான அறையில் 'கூடாது' கேட்கிறது. மெஷின் ஓடும் சத்தத்தில் கேட்டால் 'உச்சி வெயில்ல தெளிக்க' வரைக்கும்தான் வருகிறது.

அன்றிரவு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழில் வினை கடைசியில் வரும். செய், செய்யாதே, செய்யலாம், கூடாது, வேண்டாம் எல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. பேசும்போது நாம் மூச்சு தீரும் இடமும் அதுதான், குரல் இறங்கும் இடமும் அதுதான். வீடியோவில் நான் 'கூடாது' என்னும்போது தலையை ஆட்டுவேன், விரலை அசைப்பேன், எடிட்டில் சிவப்புப் பெருக்கல் குறி போடுவான் அக்கா மகன். இவ்வளவும் சேர்ந்துதான் அந்தச் சொல்லைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. ஒலியில் அது தனியாக நிற்கிறது, சத்தம் வந்தால் முதலில் விழுகிறது. முக்கியமான பாதிச் செய்தி விழுந்து, மீதிப் பாதி நேர் எதிரான பொருளோடு போய்ச் சேருகிறது. அவருடைய கொடி கருகியது என் வாக்கியத்தால்தான். புது விதையும் நாற்றும் அனுப்பிவைத்தேன்.

திருத்தம் இரண்டு பக்கம். ஒன்று வாயில். தடை வரும் இடத்தில் தடையை முதலில் சொல்கிறேன்: "கூடாத விஷயம் ஒன்று. உச்சி வெயிலில் தெளிப்பது." பிறகு செய்ய வேண்டியதைத் தனி வாக்கியமாக: "தெளிக்கும் நேரம், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு." 'சாயங்காலம்' கேட்டால் போதும், மற்றது விழுந்தாலும் செடி பிழைக்கும். வாக்கியத்தைச் சின்னதாக்கி, மூச்சு மிச்சம் இருக்கும்போதே முடிக்கப் பழகினேன். மாமிக்கும் புது வேலை வந்தது. வாக்கியத்தின் வால் தாழ்ந்தால் தொடையில் தட்டுவார், நான் மறுபடி சொல்வேன்.

இன்னொன்று எடிட்டில். கம்ப்ரஸரை 3க்கு 1 என்று வைத்தோம். உரக்கச் சொன்னதற்கும் தாழ்த்திச் சொன்னதற்கும் உள்ள இடைவெளியை அது குறைக்கும். அதற்குப் பிறகு மொத்த ஒலியளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) கொண்டுவந்தோம். ஆப்பிள் பாட்காஸ்ட் பரிந்துரைக்கும் அளவு அது, உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. எங்கள் முதல் இரண்டு பாகங்களை அளந்து பார்த்தால் மைனஸ் 24இல் கிடந்தன. முழு வால்யூம் வைத்தாலும் மெஷின் சத்தத்துக்கு எட்டாத அளவு. ஒற்றை மைக் பதிவு என்பதால் மோனோவாகவே, அதாவது ஒரே ஒலித்தடமாகவே வைத்தோம். ஆடாசிட்டியில் மோனோவை இரட்டை மோனோவாகக் கணக்கிடும் கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அளவு 3 டெசிபல் தப்பும்.

திருத்திய கோப்பை எங்கே சோதிப்பது? வீட்டில் நல்ல ஹெட்போனில் கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். 200 ரூபாய் இயர்போனை மாட்டிக்கொண்டு பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினேன். கடற்கரை நிலையம் வரை போய்த் திரும்புவது. கையில் ஒரு நோட்டு. எந்தச் சொல் கேட்கவில்லையோ அதை எழுதுவது. கிண்டி தாண்டி அடையாற்றுப் பாலத்தில் வண்டி போகும்போது முதல் பதிப்பில் ஒரு வாக்கியம் முழுதாகக் காணாமல் போனது. திருத்திய பதிப்பில் அதே பாலத்தில் ஒரு சொல் மட்டும் போனது. மாம்பலத்தில் கூட்டம் ஏறி, பூ விற்கும் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து பேரம் பேசிக்கொண்டிருந்தபோதும் 'கூடாத விஷயம் ஒன்று' தெளிவாகக் கேட்டது. இப்போது ஒவ்வொரு பாகத்துக்கும் வெளியிடும் முன் ஒரு ரயில் பயணம் உண்டு.

வெளியிடுவது இருப்பதிலேயே சின்ன வேலை. பாட்காஸ்ட் என்பது ஒலிக்கோப்பும் ஒரு ஆர்எஸ்எஸ் ஓடையும்தான். ஒலி எங்கே இருக்கிறது, தலைப்பு என்ன, எத்தனை நிமிடம் என்று எழுதிய ஒரு பட்டியல் அந்த ஓடை. பாட்காஸ்ட் என்ற சொல்லை 2004 பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி கார்டியன் நாளிதழில் எழுதினார், 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் அதற்கு இடம் கொடுத்தது. இன்றுவரை அடியில் ஓடுவது அதே ஓடைதான். செயலிகள் அதை வந்து படித்துக்கொள்கின்றன. 2024இல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலி மூடப்பட்டது. அங்கே கேட்டவர்கள் வேறு செயலிக்குப் போய் அதே ஓடையைச் சேர்த்துக்கொண்டார்கள், நிகழ்ச்சி நடத்துபவர்கள் எதையும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கவில்லை. ஆறு வருட உழைப்பை ஒரே தளத்தில் வைத்திருக்கும் என் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. கோப்பை வைக்கும் இடத்தை மாற்றினாலும், பழைய முகவரியில் இருந்து புதியதற்கு வழி திருப்பிவிட்டால் கேட்பவர்கள் கூடவே வந்துவிடுவார்கள். அந்த வசதி தரும் இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

அட்டைப்படம் சதுரமாக, 3000க்கு 3000 பிக்சலில். போனில் அது கட்டைவிரல் நகம் அளவுதான் தெரியும், அதனால் என் முகம், செடி எல்லாம் எடுத்துவிட்டு ஒரு பூவாளியும் பெரிய தமிழ் எழுத்தும் மட்டும். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தோம். ஓடையில் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரியை யாரும் பார்க்கலாம், அதனால் சொந்த முகவரியைக் கொடுக்காமல் புதிதாக ஒன்று தொடங்கினோம். 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 என்றால் 20 நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. தினசரி டேட்டாவைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். யூடியூபிலும் தனிப் பிளேலிஸ்ட்டாக வைத்து, யூடியூப் ஸ்டூடியோ பக்கத்தில் அதைப் பாட்காஸ்ட் என்று குறித்துவிட்டோம். அங்கேயே கேட்க விரும்புகிறவர்கள் கேட்கட்டும்.

இசையில் கவனம் வேண்டும். வீடியோவுக்கென்று அனுமதி வாங்கிய இசை பாட்காஸ்டுக்கும் செல்லும் என்று இல்லை, உரிம வாசகத்தைப் படியுங்கள். சினிமாப் பாட்டின் இரண்டு விநாடிகூட வேண்டாம். எங்களுடைய தொடக்க ஒலி, பூவாளியில் இருந்து காய்ந்த தென்னை நார்க்கழிவில் தண்ணீர் விழும் சத்தம். அதே மைக்கில் பதிந்தது.

நான் எதிர்பார்க்காத ஒன்று வீடியோவில் நடந்தது. கண்ணை மூடிய மாமிக்குச் சொல்லிப் பழகியதில் என் வீடியோப் பேச்சு மாறிவிட்டது. கேமரா பூச்சியைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே துவரம்பருப்பு அளவு என்று வாய் சொல்லிவிடுகிறது. பார்வை குறைந்த ஒரு பெரியவர், இப்போதுதான் உங்கள் வீடியோவும் எனக்குப் புரிகிறது என்று சொல்லி அனுப்பினார். அவர் ஆறு வருடமும் என் சேனலில் இருந்தவர்.

இதுவரை பத்துப் பாகம். எண்ணிக்கையில் வீடியோவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, அது எனக்குக் கவலையும் இல்லை. வந்தவர்கள் கடைசி நிமிடம் வரை இருக்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். கேள்விகளைக் குரல் பதிவாகவே வாங்கி, அனுமதி கேட்டு, அப்படியே பாகத்தில் சேர்க்கிறேன். மாமியின் குரல் இல்லாவிட்டால் எங்கே மாமி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

பதினோராவது பாகம் ஆடிப்பட்டம். விதை தேர்வு, குரோ பேக் மண் கலவை, பந்தல் எந்தத் திசையில் என்று மூன்று துண்டாகப் பேச வேண்டும். பல்லாவரத்துத் தங்கை இந்த முறை பீர்க்கை விதையை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். மெஷின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை எடுக்கப் போவதில்லை. விரலின் முதல் கணு வரைக்கும் என்று மாமியிடம் சொல்லிப் பார்த்தேன். கை உயரவில்லை.